பழைய போஸ்டர், பாட்டுப் புத்தகம், ஓவிய அச்சு: இவற்றின் வரலாற்றுப் பின்னணியை நூலகத்திலும் பழைய செய்தித்தாள்களிலும் எப்படித் தேடுவது?

சேலத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பரணைச் சுத்தம் செய்யும்போது ஏதாவது படம் கிடைத்தால் அக்கம்பக்கத்தார் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். "சார், இது எந்தக் காலத்துச் சரக்கு? என்ன விலை போகும்?" விலை எனக்குத் தெரியாது. காலத்தைப் பெரும்பாலும் அந்தத் தாளே சொல்லிவிடும். நூலகத்துக்குக் கிளம்பும் முன்பே அதைக் கேட்டுக்கொள்வது நல்லது. பழைய செய்தித்தாள்களைத் தேதிவாரியாகத்தான் கட்டி வைத்திருப்பார்கள். தேதி இல்லாமல் போனால் நாள் முழுக்கப் புரட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

விலை அணாவில் போட்டிருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தையது. 'ந.பை.' (நயா பைசா) என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. போஸ்டரில் வருடமே இருக்காது, 'ஜனவரி 14 வெள்ளி முதல்' என்று மட்டும் இருக்கும். அதுவே போதும். 1935 முதல் 1960 வரை பார்த்தால் ஜனவரி 14 வெள்ளிக்கிழமையாக வந்தது 1938, 1944, 1949, 1955 ஆகிய நான்கு வருடங்களில்தான். நடிகர் யார் என்று பார்த்தால் அதிலும் பாதி கழிந்துவிடும்.

அப்புறம் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னைக்குப் போக வேண்டும். எழும்பூரில் கன்னிமாரா இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் நூல், பத்திரிகைகளின் பிரதி சட்டப்படி போய்ச்சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் எல்லாம் அங்கே மரியாதையாக இருக்கும்.

அங்கே போய்ப் பட விளம்பரத்தைக் கண்டுபிடித்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. விளம்பரம் உங்களுக்குத் தருவது தேதியை மட்டும். பின்னணி அதே செய்தித்தாளின் மற்ற பத்திகளில் கிடக்கிறது.

நம் சேலத்துப் படக் கம்பெனியான மாடர்ன் தியேட்டர்ஸ் 1945-ல் வெளியிட்ட 'பர்மா ராணி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் கேட்டால் இன்னொரு ராஜா ராணிக் கதை என்றுதான் தோன்றும். ஆனால் 1942 மார்ச்சிலிருந்து செய்தித்தாளைப் படித்துக்கொண்டு வந்தால் படமே வேறாகத் தெரியும். ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போகிறது. பர்மாவில் பிழைக்கப் போன தமிழர்கள் காடும் மலையும் நடந்து திரும்புகிறார்கள். ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழ, சென்னைவாசிகள் மூட்டை கட்டுகிறார்கள். 1943-ல் படச்சுருள் தட்டுப்பாட்டால் எந்தப் படமும் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போடுகிறது. போர் முயற்சிக்கு ஆதரவாகப் படம் எடுக்கும்படி தயாரிப்பாளர்கள்மேல் நெருக்கடி வேறு. இதெல்லாம் தெரிந்த பிறகு மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி. ஆர். சுந்தரம் ஏன் அந்தச் சமயத்தில் ஒரு பர்மாப் போர்க் கதையைத் தொட்டார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலப் பாட்டுப் புத்தகம் கையில் கிடைத்தால் தாளையும் தடவிப் பாருங்கள். காகிதத்துக்கும் கட்டுப்பாடு இருந்த காலம் அது.

சினிமாச் சரக்கை விட்டு ஓவியத்துக்கு வந்தால் இன்னொரு சிக்கல். வரைந்த தேதி வேறு, அச்சான தேதி வேறு. பழைய சேலம் ஜில்லாவில் இருந்த ராயக்கோட்டையைத் ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் வரைந்தது தெரிந்திருக்கும். 1791-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அந்தக் கோட்டையைத் திப்பு சுல்தானிடமிருந்து பிடித்தது. மறு வருடம் மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை; ராயக்கோட்டை இருக்கும் பாராமகால் பகுதி முழுக்கக் கம்பெனிக்கு. அதே 1792-ல் இவர்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள். ஆனால் அச்சுப்படம் லண்டனில் வெளியானபோது திப்புவே உயிரோடு இல்லை. வரைந்தபோது அப்போதுதான் கைமாறிய எல்லைக் கோட்டை. வாங்கியவனுக்கோ அது வென்று முடித்த போரின் நினைவுப் படம். ஆகவே இரண்டு தேதிக்கும் செய்தித்தாள் பார்க்க வேண்டும், 1792-க்குச் சென்னையில் வந்த மெட்ராஸ் கூரியர், அச்சான வருடத்துக்கு லண்டன் பத்திரிகைகள். ஒரு தேதியை மட்டும் பார்த்துவிட்டு எழுதுகிற கட்டுரைகள் பாதிக் கதையைத்தான் சொல்கின்றன.

அசல் டேனியல் அச்சு வீட்டில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் இத்தனை வேலையையும் தொடங்கும் முன் படத்தின் மரச் சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். என்னிடம் கொண்டுவந்து காட்டியவை எல்லாமே காலண்டரிலிருந்து வெட்டியவை. ஒன்றின் பின்னால் அடுத்த மாதத் தேதிகள் அப்படியே இருந்தன.