நரம்பு நீலம், ரத்தம் சிவப்பு: கேள்வி பதில்

கேள்வி: கையில் நரம்பெல்லாம் நீலமாகத் தெரிகிறதே, உள்ளே ஓடுகிற கெட்ட ரத்தம் நீலமா சார்?

இல்லைங்க, ரத்தம் எப்போதும் சிவப்புதான். பேச்சுவழக்கில் நாம் நரம்பு என்பது இங்கே சிரை. இதயத்துக்குத் திரும்பும் ரத்தக்குழாய். 'கெட்ட ரத்தம்' என்ற பெயரும் பொருந்தாது. ஓய்வாக இருக்கும்போது சிரை ரத்தத்திலும் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 75 சதவீதம் ஆக்சிஜனோடுதான் இருக்கும். இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் தமனியில் 95க்கு மேல். ஆக்சிஜன் குறையக் குறைய சிவப்பு கருஞ்சிவப்பாகும், நீலமாகாது.

நீலம் வருவது தோலாலும் ஒளியாலும்தான். சிவப்பு ஒளி தோலுக்குள் சில மில்லிமீட்டர் இறங்கும். நீல ஒளி மேலாகவே சிதறித் திரும்பிவிடும். சிரை இருக்கும் இடத்தில், இறங்கிய சிவப்பில் ஒரு பங்கை ரத்தம் விழுங்கிவிடுகிறது. சுற்றியுள்ள தோலைவிட அங்கே சிவப்பு குறைவதால் கண் அதை நீலமாக எடுத்துக்கொள்கிறது. போனில் படமெடுத்து, அந்தக் கோட்டை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் மங்கிய தோல் நிறம்தான் இருக்கும்.

கேள்வி: எனக்குப் பச்சையாகத் தெரிகிறது. ஏதாவது நோயா?

நோயில்லை. மாநிறத் தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி நீல ஒளியையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதனால் பச்சை சாயல்.

கேள்வி: அம்மாவுக்கு ரத்தம் எடுக்கப் போனால் "நரம்பு கிடைக்கல" என்று மூன்று இடத்தில் குத்துகிறார்கள். என்ன செய்யலாம்?

சிரையைக் கண்ணால் தேடினால் ஏமாற்றும், ரத்தம் எடுப்பவர் விரலால் தேட வேண்டும். அழுத்திவிட்டால் ரப்பர் குழாய் போல மீண்டு எழும்புவது சிரை. கயிறு போல விறைப்பாக இருப்பது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண். துடித்தால் தமனி, அங்கே குத்தக்கூடாது. முழங்கை மடிப்புக்கு மூன்று, நான்கு விரற்கடை மேலே பட்டை கட்டினால் போதும். ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டியே வைத்தால் பரிசோதனையில் சில அளவுகள் தப்பாக வரும். கையை மூடி மூடித் திறக்கச் சொல்வதும் வேண்டாம், பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும்.

உங்கள் பங்குக்கு, வெறும் வயிற்றுப் பரிசோதனையானாலும் தண்ணீர் குடிக்கத் தடையில்லை என்றால் குடிக்கச் சொல்லுங்கள். கையை வெதுவெதுப்பாக வைத்து, சில நிமிடம் கீழே தொங்கவிடட்டும். ஊசி எடுத்ததும் கையை மடக்காமல் நீட்டி, பஞ்சால் ஐந்து நிமிடம் அழுத்த வேண்டும். மடக்கினால் துளை திறந்து தோலடியில் ரத்தம் கசியும். அந்தக் கன்றல் கருநீலம், பச்சை, மஞ்சள் என்று மாறி மறைவது ஹீமோகுளோபின் சிதைவதால்தான்.

கேள்வி: கால் ரத்தம் எப்படி மேலே ஏறுகிறது?

கெண்டைக்கால் தசை சிரையைப் பிழியும். சிரைக்குள் ஒருவழிக் கதவு போல இருக்கும் வால்வுகள் ரத்தத்தைத் திரும்ப விடாது. 1628இல் வில்லியம் ஹார்வி காட்டிய சோதனையைப் புறங்கையில் செய்யலாம். புடைத்த சிரையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, இன்னொரு விரலால் மணிக்கட்டுப் பக்கமாக நீவி விடுங்கள். நீவிய இடம் தட்டையாகும். நீவிய விரலை எடுத்தாலும், வழியில் வால்வு இருந்தால், முதல் விரலிலிருந்து அந்த வால்வு வரை நிரம்பாது. முதல் விரலை எடுத்ததும் குபுக்கென்று நிரம்பும். கால் சிரைகளில் இந்த வால்வுகள் தளர்ந்து, சிரை புடைத்துச் சுருண்டுகொள்வதுதான் வெரிகோஸ்.

கேள்வி: உதடு நீலமானாலும் ஒளியால்தானா?

அதை அப்படி விடாதீர்கள். குளிரில் விரல்நுனி நீலமாகிச் சூடானதும் சரியாவது வேறு. நாக்கும் உதட்டின் உள்பக்கமும் நீலமோ சாம்பலோ ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தசோகை உள்ளவருக்கு ஆக்சிஜன் மிகவும் இறங்கினாலும் நீலம் தெரியாமல் போகலாம். அவர் மூச்சு வாங்கினால் நிறத்துக்காகக் காத்திருக்காதீர்கள்.