வாரத்தில் ஒரு நொடி முந்தினால் பழுதா?

நண்பரே, புது கிராண்ட் செய்கோ 9எஃப் (பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரம்) ஒரே வாரத்தில் ஒரு நொடி முந்துகிறது, மாற்றித் தரச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அதன் கணக்கு ஆண்டுக்கு ±10 நொடி, அதாவது மாதம் ஒரு நொடிக்கும் குறைவு. வெறும் கண்ணால் ஒரு வாரத்தில் அதைப் பிடிக்க முடியாது. நேரம் வைத்துவிட்டு கிரவுனை (பக்கவாட்டுத் திருகை) அழுத்தும்போது விரல் தாமதிக்கும், போன் நேரமும் கொஞ்சம் தள்ளி இருக்கலாம்.

இணையத்தில் துல்லிய நேரம் காட்டும் பக்கத்தையும் கடிகாரத்தையும் சேர்த்து வீடியோ எடுங்கள். நொடிமுள் தாவும் ஃபிரேமில் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 9எஃப்பில் முள் நடுங்காமல் சட்டென்று நிற்பதால் (அந்த அழகுக்கே காசு கொடுக்கலாம்) இது சுலபம். ஒரு மாதம் கையில் கட்டிவிட்டு மறுபடி எடுங்கள். பீரோவில் போட்டுவைத்து அளக்காதீர்கள், சொல்லப்படும் துல்லியம் கையில் கட்டியிருக்கும்போதுதான். அப்புறமும் அதிகமாக முந்தினால் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். வேகத்தைத் திருத்த உள்ளேயே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. பின்மூடியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள்.