‘அம்மாட்டச் சொல்லாதே’

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகளுக்கு இரண்டரை வயது. பகலில் மாமிதான், அதாவது கணவரின் அம்மாதான், பார்த்துக்கொள்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் பிள்ளை சோர்ந்து சோர்ந்து படுக்கிறாள், சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறாள் என்று வைத்தியரிடம் காட்டினோம். ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 8.6. இரும்புச்சத்துக் குறைவு என்றார். ஒரு நாளைக்கு ஐந்து போத்தல் பால்மா குடிக்கிறாள் என்று சொன்னதும், அதுதான் காரணம் என்றார். பாலை இரண்டு கப்புக்குள் குறைக்க வேண்டும், தேத்தண்ணீர் கொடுக்கவே கூடாது, இரும்புச்சத்துப் பாணி தினமும் கொடுக்க வேண்டும் என்று எழுதித் தந்தார்.

மாமி ஒன்றையும் கேட்பதில்லை. பாணி குடித்தால் மலம் கறுப்பாகப் போகிறது, பல் கறுக்கிறது என்று தானே நிறுத்திவிட்டார். பாணிப் போத்தலில் அளவு குறையவில்லை என்று பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். போன கிழமை வேலையிலிருந்து முன்னதாக வந்தபோது, பிளேன்டீயில் தோய்த்த பிஸ்கட்டை மாமி தீத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மகள் “நான் குடிக்கேல்ல” என்றாள். நான் ஒன்றும் கேட்கவேயில்லை அக்கா. பிறகுதான் தெரிந்தது, “அம்மாட்டச் சொல்லாதே” என்று மாமி சொல்லி வைத்திருக்கிறார்.

கணவரிடம் சொன்னால், “அம்மா எங்களையும் இப்பிடித்தானே வளர்த்தவ, விடும்” என்கிறார். மாமி இல்லாவிட்டால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. டே கெயாருக்கு விட்டால் என் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். நான்தான் கூடுதலாகப் பயப்படுகிறேனா?

வாசகி, கொழும்பு 6

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் கூடுதலாகப் பயப்படவில்லை. இந்த வயதில் ஹீமோகுளோபின் 11 ஆவது இருக்க வேண்டும். 8.6 என்பது மருந்து கொடுத்தே ஆக வேண்டிய அளவு. பிள்ளையின் மூளை மிக வேகமாக வளர்கிற காலம் இது. இந்தக் காலத்தில் இரும்புச்சத்து நீண்ட நாள் குறைந்தே இருந்தால், பிள்ளையின் கவனமும் கற்றுக்கொள்ளும் திறனும் பாதிக்கப்படும். சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பதும் அந்தக் குறைவின் அடையாளம்தான். மண், சோக்குக்கட்டி, பச்சை அரிசி என்று பிள்ளைகள் தேடுவார்கள். எங்கள் பக்கத்தில் அதைக் கெட்ட பழக்கம் என்று அடிப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி அடிக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோனது பெரிய காரியம்.

மாமியிடம் யாராவது இதை விளக்கமாகச் சொன்னார்களா என்று எனக்குச் சந்தேகம். “பாலைக் குறையுங்கோ” என்றால் அவர் காதில் “பிள்ளையைப் பட்டினி போடுங்கோ” என்றுதான் விழும். சாதாரண பால்மாவில் இரும்பு மிகவும் குறைவு. பாலிலிருக்கிற கல்சியம், மற்றச் சாப்பாட்டிலிருந்து வருகிற இரும்பையும் உடம்பில் சேர விடாமல் தடுக்கும். அதைவிடப் பெரிய விஷயம் வயிறு. காலையிலிருந்து மூன்று போத்தல் குடித்த பிள்ளைக்கு மத்தியானம் சோறு எப்படி இறங்கும்? இறங்கவில்லையே, பிள்ளை பட்டினி கிடக்கிறதே என்று இன்னொரு போத்தல். இரும்பு குறையக் குறையப் பசியும் போய்விடும். பசி போன பிள்ளை பாலை மட்டும் குடிக்கும். மாமி கண்ணுக்கு முன்னால் நடப்பது இதுதான்: பிள்ளை சோறு தின்னாது, பால்தான் அதை உயிரோடு வைத்திருக்கிறது. அவர் பார்ப்பது பொய்யில்லை. எது முதலில் வந்தது என்பதைத்தான் அவர் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்.

பிள்ளையின் வளர்ச்சியைக் குறித்து வைக்கிற கிளினிக் கொப்பியும் அவருக்குத்தான் சாட்சி சொல்லும். பால் குடிக்கிற பிள்ளைக்கு எடை ஏறும். கோடு பச்சைக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும். “கொப்பியில எல்லாம் நல்லாத்தானே இருக்கு” என்பார். அந்தக் கோடு எடையைக் காட்டும், உயரத்தைக் காட்டும். ரத்தத்தைக் காட்டாது.

தேத்தண்ணீர் இன்னும் மோசம். அதிலிருக்கிற தானின் (tannin) என்ற துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் கட்டிப்பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். முருங்கையிலை வறையோடு சோறு தீத்திவிட்டு, பின்னால் ஒரு வாய் பிளேன்டீ கொடுத்தால் தீத்தியதில் பெரும்பகுதி வீண். இலங்கையில் தேத்தண்ணீரை நாங்கள் ஒரு சாப்பாடாகவே நினைப்பதில்லை, தண்ணீர் மாதிரி நினைக்கிறோம். அதனால்தான் “தேத்தண்ணி குடிச்சா என்ன வரும்” என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள்.

சரி, மாமியைப் பற்றி. அவர் தொண்ணூறுகளில் எங்கே இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்திருந்தால், உங்கள் கணவர் கைக்குழந்தையாக இருந்த காலம், போரில் அங்கே பொருளாதாரத் தடை நடந்த காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கு அலைச்சல், சவர்க்காரத்துக்கு அலைச்சல். பால்மா பைக்கற் ஒன்று கையில் கிடைத்தால் அதை ஒளித்து வைத்துக் கரைத்தார்கள். ஒரு கரண்டி மாவில் மூன்று பேருக்குப் பால் ஊற்றிய கதை என் அம்மாவிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, என் சின்னம்மா மழையில் நனையாமல் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனது நகையை இல்லை, அரைப் பைக்கற் பால்மாவை. கொழும்பிலேயே இருந்தவர் என்றாலும் 2022 மறந்திருக்காது. காஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற வருடம். அப்படி நின்ற கைக்கு, பேத்தி கேட்கும்போது போத்தல் கலக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இதை அவருக்காக மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று தெரிந்தால்தான் நீங்கள் அவரோடு கதைக்க முடியும்.

இன்னொன்றும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் புதுச் சொல்லை நம்பாததற்கு எங்கள் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. என் மகளுக்கு நாலாம் மாதமே மசித்த சோறு கொடுக்கச் சொன்னார்கள். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2001 இல்தான். ஒவ்வாமை வரக்கூடிய பிள்ளைக்கு நிலக்கடலையை மூன்று வயதுவரை காட்டவே கூடாது என்றார்கள். 2015 இல் வந்த பெரிய ஆய்வொன்று, முதல் வருடத்திலேயே கொடுத்துப் பழக்கியவர்களுக்குத்தான் ஒவ்வாமை மிகக் குறைவு என்று காட்டியது. இப்படி மாறி மாறிக் கேட்ட ஒருவர், “நேற்று ஒண்டு சொன்னவை, இண்டைக்கு ஒண்டு சொல்லினம்” என்று நினைப்பது ஆச்சரியமில்லை. ஆனால் உங்கள் மகளின் விஷயம் பொதுப் புத்திமதி கிடையாது. அவளுடைய கையில் ஊசி போட்டு எடுத்த ரத்தம், அவளுடைய பெயரில் வந்த இலக்கம். அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்க விடாத வரிக்கு வருகிறேன். “நான் குடிக்கேல்ல.” பாலும் தேத்தண்ணீரும் மூன்று மாதத்தில் சரியாகக்கூடிய விஷயங்கள். இது அப்படியில்லை.

நானும் ஒரு பிள்ளையின் அம்மம்மா. தெஹிவளையில் மகளோடு இருக்கிறேன். பேரனுக்கு நாலு வயதில் இரண்டு பால்பற்கள் சூத்தையாகி, மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்க வேண்டி வந்தது. இனி டொபி வேண்டாம் அம்மா என்று மகள் கையைப் பிடித்துச் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். பின்னேரத்தில் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டால், அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே இருந்து ஒன்று எடுத்துக் கொடுப்பேன். ஒருநாள் லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்கிற சத்தம் கேட்டது. அவன் வாயிலிருந்ததை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். புறங்கையால் வாயைத் துடைத்தான். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஓடினான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒட்டுகிற டொபியோடு நான் கையை மூடிக்கொண்டு நின்றேன். நாலு வயதுப் பிள்ளைக்கு, உன் அம்மா பயப்படவேண்டிய ஆள், அவளுக்குத் தெரியாமல் செய்வதுதான் அன்பு என்று நானே பழக்கியிருந்தேன். அன்றிரவு மகளிடம் சொல்லி அழுதேன். அவள் என்னை ஒரு வார்த்தை பேசவில்லை, டொபிப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகவே மாமியிடம் கதைக்கும்போது பாலில் தொடங்காதீர்கள். இதில் தொடங்குங்கள். “மாமி, அவள் எனக்குப் பொய் சொல்லப் பழகிறாள். நாளைக்கு வெளியில ஒருத்தன் ‘அம்மாட்டச் சொல்லாதே’ எண்டு சொன்னாலும் அவள் என்னட்டச் சொல்லமாட்டாள்.” இதைக் கேட்டு அசையாத அப்பம்மாவை நான் பார்த்ததில்லை.

பிள்ளையை விசாரிக்கவே வேண்டாம். என்ன குடித்தாய், யார் தந்தது என்று கேட்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அம்மாவா அப்பம்மாவா என்று தேர்வு வைக்கிறீர்கள். “அம்மாட்ட எதையும் சொல்லலாம், அம்மா ஏசமாட்டன்” என்று மட்டும் சொல்லுங்கள், சொன்னபடி ஏசாமலும் இருங்கள்.

ஆனால் முதலில் கதைக்க வேண்டியவர் நீங்கள் இல்லை. உங்கள் கணவர். அது அவருடைய அம்மா. மருமகள் சொன்னால் அதிகாரம், மகன் சொன்னால் அக்கறை. எங்கள் வீடுகளின் கணக்கு அப்படித்தான் இருக்கிறது, எனக்கு அது பிடிக்காது என்றாலும். “இப்பிடித்தானே வளர்த்தவ” என்கிறாரே, அவருக்கு இரண்டரை வயதில் ரத்தம் எவ்வளவு இருந்தது என்று யாராவது சோதித்தார்களா? தப்பி வளர்ந்தோம் என்பது வேறு, நன்றாக வளர்ந்தோம் என்பது வேறு. இந்தப் பதிலை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். தம்பி, ஒருநாள் அரை நாள் லீவு போட்டு அம்மாவையும் பிள்ளையையும் நீங்களே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். மனைவியை அனுப்பாதீர்கள். சேர்ந்தாவது போங்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போட்டை வைத்தியர் அம்மாவின் கையில் கொடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். மலம் ஏன் கறுப்பாகப் போகிறது என்று அம்மா தன் வாயாலேயே கேட்கட்டும். அது இரும்பு, கெடுதி ஒன்றும் செய்யாது என்று வைத்தியர் சொன்னால் அது நிற்கும். நீங்கள் இருவரும் நூறு தடவை சொன்னாலும் நிற்காது.

பல் கறுப்பதற்கும் வழி இருக்கிறது. ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்துப் பின்பக்கமாக விட்டு, பிறகு தண்ணீர் கொடுத்துப் பல்லைத் துலக்கிவிட்டால் கறை பெரிதாகப் பிடிக்காது. பிடித்தாலும் போய்விடும். பாணியைப் பாலில் கலந்து கொடுக்கக் கூடாது. கொஞ்சம் தோடம்பழச் சாற்றோடு கொடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும். இன்னும் கொஞ்ச நாளைக்கு மாமியிடம் இந்தப் பொறுப்பை விடவே வேண்டாம். காலையில் வேலைக்குப் போகமுதல் நீங்களே கொடுத்துவிடுங்கள், சனி ஞாயிறு உங்கள் கணவர் கொடுக்கட்டும். ரத்தம் ஏறிய பிறகும் சில மாதம் தொடரச் சொல்வார்கள், இடையில் நிறுத்தாதீர்கள். பாணிப் போத்தலை மட்டும் உயரத்தில் பூட்டி வையுங்கள். இனிப்பாக இருக்கிறது என்று பிள்ளை எடுத்து மொத்தமாகக் குடித்தால் அந்த மருந்தே உயிராபத்து.

மாமியிடமிருந்து பால் போத்தலை வாங்கினால் அந்தக் கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த சமையலில் இரும்பு நிறைய இருக்கிறது. ஈரல் பிரட்டல், சூடை மீன், நெத்தலி. சைவ நாளென்றால் பயறு, முருங்கையிலை, எள்ளுருண்டை, அதோடு கொஞ்சம் தேசிக்காய்ப்புளி அல்லது ஒரு துண்டு கொய்யாப்பழம். மீனையும் ஈரலையும்விடக் கீரையிலுள்ள இரும்பு உடம்பில் குறைவாகத்தான் சேரும், புளியும் பழமும் அதைக் கூட்டிவிடும். “மாமி, வைத்தியர் இதெல்லாம் குடுக்கச் சொன்னவர், எனக்கு உங்கட கைப்பதம் வராது” என்று கேளுங்கள். பொய்யாகச் சொல்லாதீர்கள், உண்மையாகவே வராதுதானே. பாலை ஒரே நாளில் வெட்டாமல், இரவுப் போத்தலை முதலில் விட்டு, பிறகு போத்தலையே விட்டுக் கப்புக்கு மாறுங்கள். முதல் ஐந்தாறு நாள் பிள்ளை வீரிட்டு அழும். அந்த நாட்களில் நீங்கள் இருவரில் ஒருவர் வீட்டில் இருப்பது நல்லது. அழுகிற பிள்ளையோடு மாமியைத் தனியே விட்டால் எந்த வாக்கும் நிற்காது.

மற்றதை எல்லாம் விட்டுவிடுங்கள். தலையில் நல்லெண்ணெய் வைக்கட்டும், செத்தல் மிளகாய் சுற்றிக் கண்ணூறு கழிக்கட்டும், கோயிலில் வாங்கின நூல் கட்டட்டும், பிறந்தநாளுக்கு ஒரு துண்டு கேக் கூடுதலாகக் கொடுக்கட்டும். எல்லாவற்றிலும் பிடித்தால் எதிலும் பிடி இருக்காது.

இத்தனைக்குப் பிறகும் பாணி நின்றது, தேத்தண்ணீர் நடக்கிறது என்றால், பாதிச் சம்பளம் போனாலும் பரவாயில்லை, சில மாதங்களுக்கு டே கெயாரில் விடுங்கள். இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மாமி பின்னேரத்தில் பேத்தியோடு விளையாடட்டும், மரைன் டிரைவுக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டட்டும். உறவை வெட்டச் சொல்லவில்லை. பிள்ளைக்கு ரத்தம் ஏறும்வரை சாப்பாடு மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

அடுத்த பரிசோதனை முடிந்ததும் இலக்கத்தை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா