முப்பது இணையத்தளங்களில் எதை முதலில் பழகுவது?

கேள்வி: மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு பிரதேச சபை நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. பயிற்சிப் பட்டறை ஒன்றில் முப்பது இணையத்தளங்களின் பட்டியலைத் தந்தார்கள். இரவில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். மறுநாள் வாசகர் வந்து கேட்டால் ஒன்றும் ஞாபகம் வருவதில்லை. எதை முதலில் பழகுவது?

பதில்: அந்தப் பட்டியலை மடித்து மேசை லாச்சிக்குள் வையுங்கள். ஒரு கொப்பி எடுத்து, உங்களால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகளை மட்டும் இரண்டு கிழமைக்கு எழுதுங்கள், கேட்டவர் சொன்ன சொல்லிலேயே. பழக வேண்டிய தளங்கள் நாலோ ஐந்தோதான் என்பது அதில் தெரிந்துவிடும்.

பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் பாடநூலும் கடந்தகால வினாத்தாளும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் பிடிஎஃப் ஆக இருக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற இணையவழிக் கற்றல் தளத்தையும் பார்த்து வையுங்கள். அடிக்கடி கேட்கப்படுபவற்றை நூலகக் கணினியில் இறக்கி, வகுப்பு வாரியாகக் கோவைகளில் போட்டுவிட்டால் டேட்டா முடிந்த நாளிலும் கொடுக்கலாம்.

ஊர் பற்றிய கேள்விகள்தான் ஆளைச் சோதிக்கும். கூத்து, கண்ணகி சடங்கு, கொம்புமுறி, பழைய சஞ்சிகைகள், கோயில் சிறப்பு மலர்கள். இவற்றுக்கு 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்துக்கு ஈடாக வேறொன்று எனக்குத் தெரியாது. அங்கே இருப்பவை பெரும்பாலும் வருடிய பக்கங்கள், அதாவது ஸ்கேன் செய்து படமாக வைத்தவை. அதனால் உள்ளே இருக்கும் வரியைத் தேடுவதை விட, தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தேடுவதே பலன் தரும்.

எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேட வேண்டும். 'விபுலானந்தர்' என்று தேடினால் 'விபுலாநந்தர்' என்று அச்சிட்ட மலர் வராமல் போகலாம். அம்பாறையை அம்பாரை என்றும் எழுதியிருப்பார்கள். இன்னொன்று, அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்றுச் சங்கதிகளை மட்டக்களப்பு என்ற பெயரில்தான் தேட வேண்டும். காரைதீவு என்று கண்டதும் எடுத்துக் கொடுத்துவிடவும் வேண்டாம். யாழ்ப்பாணத்துக் காரைநகருக்கும் முன்னர் அதுதான் பெயர். பழைய நூலென்றால் எந்தக் காரைதீவு என்று இரண்டு பக்கம் புரட்டிப் பாருங்கள்.

பட்டப்படிப்புப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஆய்வுக் கட்டுரை வேண்டும். கூகுள் ஸ்கொலரில் தொடங்குங்கள். இலங்கை ஆய்விதழ்களுக்கு 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' இருக்கிறது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் எண்ணிமக் களஞ்சியத்தில் தமிழிலேயே எழுதிய கட்டுரைகளும் கிடைக்கும். ஜேஸ்டோர் கட்டணத் தளம் என்று பயந்து விட்டுவிடாதீர்கள். வாசகர் தன் பெயரில் இலவசக் கணக்கொன்று திறந்தால் மாதம் 100 கட்டுரைகள் வரை திரையில் வாசிக்கலாம்.

இங்கே தடை மொழிதான். நம் பக்கத்துக் குடி முறை பற்றித் தேடும் ஒருவர் 'குடி' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டினால் மட்டும் போதாது. தாய்வழிக் குலம் என்பதற்கான 'மட்ரிலினியல்', 'மட்ரிக்லான்' என்ற சொற்களையும் போட வேண்டும். இப்படிப்பட்ட சொல் தெரியாதபோது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்பதில் பிழையில்லை. ஆனால் கட்டுரைப் பட்டியல் மட்டும் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் நேர்த்தியாகத் தரும். கேட்டு வந்த வாசகரும் அதை அப்படியே ஒப்படையில் எழுதிவிடுவார். கண்டுபிடித்த சொற்களைக் கொப்பியில் அந்தந்தக் கேள்விக்கு எதிரே குறித்து வையுங்கள். அடுத்த முறை அதே கேள்வி வரும்போது பக்கத்தைப் புரட்டினால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உங்கள் நூலகத்து நூற்பட்டியல் எக்செலில் இருந்தால், அது பாமினி எழுத்துருவில் தட்டியதா என்று பாருங்கள். பாமினியில் கணினிக்குள் பதிவது ஆங்கில எழுத்து. திரையில்தான் அது தமிழாகத் தோன்றும். எழுத்துருவை மாற்றினால் வெறும் ஆங்கிலக் குப்பையாக நிற்கும். இணையத்திலும் கைபேசியிலும் இப்போது பயன்படும் யூனிகோடில் தட்டித் தேடினால் உங்கள் அலுமாரியிலேயே இருக்கும் நூல் அகப்படாது. நாளைக்கு கோஹா மாதிரி இலவச நூலக மென்பொருளுக்கு மாறுவதென்றாலும் இது குறுக்கே நிற்கும்.

மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. முதலில் மூலக் கோவைக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். தமிழ் இருக்கும் நிரல்களை மட்டும் மாற்றுங்கள். பகுப்பு எண்ணையும் ஆங்கிலத் தலைப்புகளையும் கருவிக்குள் போட்டால் அவையும் தமிழ் எழுத்தாகி நாசமாகும். ஐம்பது நூல்களை மாற்றிப் பார்த்து, 'கொ', 'கோ' போன்றவை உடையாமல் வந்திருக்கின்றனவா என்று வாசியுங்கள். அப்புறம் மிச்சத்தைத் தொடலாம்.