நப்பின்னை என்றொரு பெயர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. மார்கழியில் பிறந்தாள். திருப்பாவையில் வரும் கண்ணனின் மனைவி நப்பின்னையின் பெயரை வைக்கலாம் என்று என் மனைவி சொன்னாள். அவளுடைய பாட்டி திருப்பாவை பாடிக் கேட்டு வளர்ந்தவள் அவள். எனக்கும் பிடித்துவிட்டது.

ஆனால் வீட்டில் ஒப்புதல் இல்லை. "பெயரிலேயே 'பின்' இருக்கிறது, பிள்ளை எதிலும் பின்தங்கிப் போகும்" என்கிறார் அம்மா. ஒரு நண்பர், அது ஆண்டாள் பாட்டுக்காக உண்டாக்கிய பெயர், அப்படி ஒருத்தி கதையில்கூட இல்லை என்கிறார். இன்னொருவர், ராதையைத்தான் தமிழில் அப்படிச் சொல்கிறார்கள், நேராக ராதா என்றே வைக்கலாமே என்கிறார். எனக்குள் இருக்கும் கேள்வி வேறு. இவ்வளவு அழகான பெயரை ஏன் யாருமே வைப்பதில்லை? வைக்கக் கூடாத காரணம் ஏதாவது இருக்கிறதா?

பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

குழந்தைக்கும் தாய்க்கும் என் வாழ்த்து. உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது. ஒரு குழந்தையை அப்படி அழைக்கப்போகிறார்கள் என்பதே மனதுக்கு நிறைவாக இருந்தது.

முதலில் உங்கள் நண்பர் சொன்னது. ஆண்டாளுக்குப் பல தலைமுறை முன்பே இந்தப் பெண் தமிழில் இருக்கிறாள். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள், குரவை என்பது பெண்கள் கைகோத்து ஆடும் ஆட்டம். கோவலன் சிலம்பு விற்கப் போயிருக்கிறான். மதுரைக்கு வெளியே ஆயர் சேரியில் உறையிட்ட பால் தோயவில்லை, எருதின் கண்ணில் நீர் வழிகிறது. கெட்ட சகுனம் என்று கலங்கும் மாதரி, கண்ணகிக்கு அடைக்கலம் தந்த ஆயர்குலப் பெண், ஆயர்பாடியில் மாயவனாகிய கண்ணனும் அவன் அண்ணனும் பின்னையோடு ஆடிய குரவையை நாம் ஆடுவோம் என்கிறாள். ஏழு பெண்களை நிறுத்தி ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டுகிறாள். குரல் என்று நிற்பவளை மாயவன் என்கிறாள், இளியைப் பலராமன் என்கிறாள், துத்தத்தைப் பின்னை என்கிறாள். துயரம் வரப்போகிறது என்று பயந்த பெண்கள் மூன்று பேரை நினைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அந்த மூவரில் ஒருத்தி நப்பின்னை. உலகளந்தவன் தன் மார்பில் இருக்கும் திருமகளையே பார்க்க மறக்கும் அளவுக்கு அழகானவள் என்று சொல்லி, அவளை 'நம் பின்னை' என்கிறார் இளங்கோ. அந்த 'நம்' என்ற சொல்லில் உள்ள உரிமையைக் கவனியுங்கள். ஊர்ப் பெண்ணைச் சொல்வதுபோல இருக்கிறது.

மணிமேகலையிலும் வருகிறாள். சோழ மன்னன் சோலையில் உலாவும்போது ஓர் அன்னமும், ஒரு மயிலும், அதன் பேடையும் சேர்ந்து ஆடுவதைப் பார்க்கிறான். உடனே அவனுக்கு மாயவனும் அண்ணனும் பின்னையும் ஆடிய குரவை நினைவுக்கு வருகிறது. வெள்ளை அன்னம் பலராமன், தோகை விரித்த மயில் மாயவன், பேடை நப்பின்னை. விளக்கமே இல்லாமல் இப்படி ஓர் உவமையைப் போட வேண்டுமென்றால், கேட்கிற எல்லாருக்கும் அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? அதனால் அவளை ஒரு கவிஞர் பாட்டுக்காக உண்டாக்கினார் என்று சொல்ல இடமே இல்லை.

இரண்டு காப்பியங்களிலும் 'பிஞ்ஞை' என்ற வடிவமும் வருகிறது. அன்னையை அஞ்ஞை என்றதுபோல பின்னையைப் பிஞ்ஞை என்றிருக்கிறார்கள். வீட்டில் கூப்பிட இதைவிடச் செல்லமான பெயர் வேண்டுமா?

சரி, பொருளுக்கு வருகிறேன். பெயரை ந, பின்னை என்று பிரிக்க வேண்டும். 'ந' என்பது சிறப்பைக் காட்டும் முன்னொட்டு. நக்கீரர், நப்பூதனார் என்ற பெயர்களில் இருப்பது அதுதான். சங்கப் பெண்பாற் புலவர்களில் நச்செள்ளையார், நக்கண்ணையார், நப்பசலையார் என்று மூன்று பேர் இந்த எழுத்தோடு நிற்கிறார்கள். காக்கைபாடினியார் நச்செள்ளையாரை உங்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். ஆக, நப்பின்னை அந்த வரிசைப் பெயர். பெண்ணின் பெயருக்கு முன்னால் மதிப்போடு ஓர் எழுத்தைச் சேர்த்த காலத்தின் அடையாளம்.

பின்னை என்றால் பின் பிறந்தவள், இளையவள். உங்கள் அம்மாவின் கவலைக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. நம் மரபில் அக்கா தங்கை இரண்டு பேர். மூத்தவள் மூதேவி, தவ்வை என்றும் சொல்வார்கள். இளையவள் திருமகள். பொறாமைக்காரனைத் திருமகள் தன் தவ்வைக்குக் காட்டிவிட்டுப் போய்விடுவாள் என்கிறது குறள். வீட்டுக்கு வர வேண்டும் என்று நாம் வேண்டுவது பின்னால் பிறந்தவளைத்தான். அகராதிகளிலும் பின்னை என்ற சொல்லுக்குத் தங்கை என்ற பொருளோடு இலக்குமி என்ற பொருளும் இருக்கும். அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் பேத்தியின் நலனை நினைத்துத்தான் பயப்படுகிறார், அந்தப் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

அப்புறம் ராதை. ராதையின் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இருவரும் ஒருவரல்லர். பாகவதத்தில் ராதையின் பெயரே வெளிப்படையாக வராது. 12-ஆம் நூற்றாண்டில் ஜெயதேவர் பாடிய கீதகோவிந்தத்துக்குப் பிறகுதான் அவள் பெயர் நாடெங்கும் பரவியது. அதற்கு வெகு காலம் முன்பே நப்பின்னை இங்கே இருந்தாள். கதையும் வேறு. ராதை காதலி. நப்பின்னை, கண்ணன் ஏழு எருதுகளை அடக்கி முறையாக மணந்த பெண். அவளை யசோதையின் அண்ணன் மகள் என்று சொல்வார்கள். அதாவது மாமன் மகள். திருப்பாவையில் 'உன் மைத்துனன் பேர் பாட' என்று ஆண்டாள் அவளிடம் சொல்கிறாள். மாமன் மகளும் அத்தை மகனும் கட்டிக்கொள்கிற நம் ஊர் உறவுமுறை அந்த ஒரே சொல்லில் இருக்கிறது. கொல்லும் காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை மறுபிறவியிலும் ஆயர் மகள் தழுவ மாட்டாள் என்று பாடிய கலித்தொகையின் முல்லைக்கலி காட்டும் நிலம்தான் அவள் பிறந்த நிலம். அவளை இடம் மாற்றி வேறொரு பெண்ணின் நிழலாக ஆக்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

இந்தப் பெயரோடு இன்னொரு நல்ல நினைவும் ஒட்டியிருக்கிறது. சீவக சிந்தாமணியில் ஆயர் தலைவன் நந்தகோன் தன் மகளைச் சீவகனுக்குக் கொடுக்க வருகிறான். குலத்தை நினைக்காதே நம்பி, முருகன் வள்ளியை மணந்தான், திருமால் நப்பின்னையை மணந்தான் என்கிறான். பிறப்பைப் பார்த்து மனிதரை நிறுத்தாதே என்று சொல்ல ஒரு தகப்பன் கையில் எடுத்த பெயர் இது. இந்தப் பாடலைப் படிக்கும்போதெல்லாம் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன்.

திருப்பாவையில் அவளுக்குக் கொடுத்திருக்கும் இடம் உங்கள் மனைவிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 17-ஆம் பாட்டில் நந்தகோபன், யசோதை, கண்ணன், பலராமன் நால்வரையும் எழுப்பிப் பார்க்கிறார்கள் பெண்கள். கதவு திறக்கவில்லை. நப்பின்னையைக் கேட்காமல் வந்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது. 18-ஆம் பாட்டு, 'நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய்' என்று அவள் பெயரைச் சொல்லி அழைக்கிறது. 'பந்தார் விரலி' என்கிறாள் ஆண்டாள். கண்ணனோடு பந்து விளையாடி ஜெயித்து, அந்தப் பந்தைக் கையில் பிடித்தபடியே தூங்குகிறாள் என்று உரைகாரர்கள் விரிப்பார்கள். ராமானுஜர் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே பிச்சைக்கு வந்தபோது, அவருடைய குரு பெரிய நம்பியின் மகள் அத்துழாய் வளை குலுங்கக் கதவைத் திறந்தாள், அவளை நப்பின்னையாகவே கண்டு அவர் மயங்கி விழுந்தார் என்று வைணவ மரபில் ஒரு கதை உண்டு. அத்துழாய் என்பது துளசியின் பெயர். அதுவும் இப்போது வழக்கில் காணாமல் போன பெயர்தான்.

இனி உங்கள் சொந்தக் கேள்வி. ஏன் யாரும் வைப்பதில்லை?

நான் நினைப்பது இது. பெயர்கள் புத்தகத்திலிருந்து வருவதைவிடச் சன்னிதியிலிருந்தும் திருவிழாவிலிருந்தும்தான் வீட்டுக்கு வருகின்றன. ஆண்டாளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது, ஆடிப்பூரம் இருக்கிறது, தேர் இருக்கிறது. மீனாட்சிக்கு மதுரையே இருக்கிறது. நப்பின்னைக்கு அப்படி ஓர் ஊரோ ஒரு நாளோ வாய்க்கவில்லை. வைணவ ஆசாரியர்கள் அவளைத் திருமாலின் தேவியரில் ஒருத்தியான நீளாதேவியாகக் கண்டார்கள். திருப்பாவைக்குப் பராசர பட்டர் அருளிய வடமொழித் தனியன், அதாவது நூலுக்கு முன்னால் சொல்லும் போற்றிப் பாட்டு, 'நீளா' என்றுதான் தொடங்குகிறது. பெருமாளின் இருபுறமும் பெரும்பாலும் ஸ்ரீதேவியும் பூதேவியும் நிற்கிறார்கள், நீளாதேவியைச் சேர்த்துப் பார்ப்பது அரிது. அர்ச்சனையில் தினமும் காதில் விழாத பெயர், பேத்திக்கு வைக்கும்போது நினைவுக்கு வருவதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 1916-இல் மறைமலை அடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய பிறகு தமிழ்ப் பெயர்கள் மேல் பெரிய ஆசை எழுந்தது. கண்ணகி, மணிமேகலை, கயல்விழி, தமிழ்ச்செல்வி என்று வீடுதோறும் பெண்கள் வந்தார்கள். நப்பின்னை அந்த வரிசையில் முன்னால் வந்திருக்க வேண்டியவள். திருப்பாவையில் இருப்பதால் இது பக்திப் பெயர் என்று தனித்தமிழ் ஆர்வலர்கள் ஒதுங்கிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். பக்தர்களோ கோதை, ரங்கநாயகி என்று வைத்துக்கொண்டார்கள். நடுவில் அவள் நின்றுவிட்டாள். ஆகவே தம்பி, வைக்கக் கூடாது என்று ஒரு காரணமும் இல்லை. மறந்துபோனது மட்டும்தான் காரணம்.

இத்தனைக்கும் வருடத்தில் மூன்று நாள், மார்கழி 18, 19, 20-இல், ஜனவரி 2, 3, 4 வாக்கில், விடியற்காலையில் தமிழ்நாடு முழுக்க ஒலிபெருக்கியில் இந்தப் பெயர் கேட்கிறது. வைத்தவர்கள் அடியோடு இல்லாமலும் இல்லை. இணையச் சட்டங்களில் பெயர் பெற்ற உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் என். எஸ். நப்பின்னை இருக்கிறார். பின்தங்குவதைப் பற்றி அம்மா மறுபடி பேசினால் இவரைச் சொல்லலாம்.

கடைசியாகச் சில நடைமுறைச் செய்திகள். ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு 'பி', இரண்டு 'என்' போடுங்கள். ஒரு 'பி' மட்டும் போட்டால் பள்ளியில் வருகைப் பதிவேட்டைப் படிக்கிறவர் 'நபினை' என்று மெல்லிய ஒலியில் வாசித்துவிடுவார், பிள்ளை ஒவ்வொரு வருடமும் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். தமிழில் இரண்டு சுழி ன, மூன்று சுழி ண அல்ல. பிறப்பைப் பதிந்திருப்பீர்கள். பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை. அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். அதனால் அம்மாவை அவசரப்படுத்த வேண்டாம், நாள் இருக்கிறது. ஒருநாள் மாலை உங்கள் மனைவியை 20-ஆம் பாட்டை அவருக்குப் பாடிக் காட்டச் சொல்லுங்கள். 'நப்பின்னை நங்காய் திருவே துயிலெழாய்' என்று வரும். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்கட்டும்.

அன்புடன்.