ராவு ஜெபத்துக்கு புள்ளைகள் இருக்கிறாங்க இல்ல எண்டு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, ஜெபத்துக்கு கூப்பிட்டா மூத்தவன் போனோட, சின்னவள் பாயிலயே நித்திரை எண்டு எழுதியிருந்தீங்க, அதுக்காக அடிச்சி இருத்தாதீங்க, ஜெபம் எண்டாலே பயம் வந்திரும். ரியூசன் முடிஞ்சி சாப்பிட்ட பிறகு அரை மணித்தியாலம் முழங்கால்ல நிக்கிறது பெரியாக்களுக்கே கஷ்டம். சோறு போட முதல் வைங்க, அஞ்சு நிமிசம் காணும். சங்கீதம் 117 ரெண்டே வசனம்தான், பைபிள்லயே ஆகச் சின்ன அதிகாரம், அத மூத்தவன வாசிக்க விடுங்க. சின்னவள் தண்ட பாட்டுக்கு ஜெபிக்கட்டும், எங்கட மகள் "வாவிக்கு போன மாமாவுக்கு நிறைய றால் படணும் ஆண்டவரே" எண்டுதான் துவங்குவா, நாங்க திருத்துறதில்ல, எல்லாரும் ஆமென் சொல்லுவம். உங்கட அவர் கத்தார்ல வேலை எண்டீங்களே, வெள்ளிக்கிழம லீவுதானே, கோல் எடுத்து அவரையும் சத்தமா ஜெபிக்கச் சொல்லுங்க, நம்மட இலங்கையில ராவு 7 மணி எண்டா அங்க பின்னேரம் 4.30.