மேட்டுப் பாத்தியும் காய்ந்த உமியும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் தெஹிவளையில் இருக்கிறேன். ஹோமாகமவுக்கு அப்பால் 40 பேர்ச்சஸ், அதாவது கால் ஏக்கர் காணி வாங்கி வைத்திருக்கிறோம். ஓய்வு பெற்ற பிறகு அங்கே 50, 60 கோழியும் கொஞ்சம் மரக்கறியும் வைக்க ஆசை. அப்பா யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் தோட்டம் செய்தவர், மண் வேலை எனக்குப் புதிதல்ல. ஆனால் கொழும்புப் பக்கம் வருடம் முழுக்க ஒரே வெயில், ஒரே மழை. இங்கே பருவம் பார்த்துச் செய்ய என்ன இருக்கிறது? முட்டையில் மிச்சம் வருமா?

எஸ்., தெஹிவளை

அன்புள்ள தம்பி,

காசுக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 60 கோழி ஒரு நாளைக்கு 7 கிலோ அளவில் தீன் தின்னும். 50 கிலோ மூட்டை ஒரு கிழமைக்குத்தான் காணும். முட்டை விற்ற காசில் பெரும்பகுதி தீன் கடைக்கே திரும்பிப் போகும். மிஞ்சுவது எருதான் என்று என் கணவர் சொல்வார். பகிடியாகச் சொன்னாலும் கணக்கு அதுதான். முட்டை தீனுக்குக் காசு தருகிறது, எரு மரக்கறியை வளர்க்கிறது, வீட்டுச் செலவுக்கு மரக்கறிதான் கைகொடுக்கிறது. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது, அதுவரை எங்கள் கூட்டுப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள் சாக்கோடு வந்து நின்றார்கள்.

அப்புறம் உங்கள் அப்பாவின் சுன்னாகம். அதைக் கொஞ்சம் மறக்க வேண்டி வரும், கோபிக்காதீர்கள். என் மாமியும் அந்தப் பக்கம்தான். அவிசாவளை ரோட்டில் உள்ள எங்கள் காணிக்கு வந்த முதல் வருடம், ஊரில் செய்ததுபோல வரம்பு கட்டிப் பள்ளப் பாத்தி போட்டார். அங்கே அது சரி. கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரை ஒரு சொட்டும் ஓடவிடாமல் வைக்க வேண்டும். இங்கே ஒரு மே மாதம் போதும், பாத்தி குளமாகிவிடும். கத்தரியும் மிளகாயும் வேரழுகி நின்றன. அந்தப் பள்ளத்தில் தண்ணீரில் வளரும் கங்குன் கீரை மட்டும் சிரித்துக்கொண்டு வளர்ந்தது. அதற்குப் பிறகு எல்லாம் ஒரு முழ உயர மேட்டுப் பாத்தி, இடையில் வாய்க்கால். ஊரில் மழைக்குக் காத்திருந்த மனுசி, இங்கே மழை வருமுன் மண்வெட்டியோடு வாய்க்கால் வெட்டப் போவார்.

ஆகவே பருவம் உண்டு தம்பி. அதைக் குளிர், சூடு என்று தேடினால் கிடைக்காது. ஈரத்தில் பாருங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கும், ஜூலை, ஆகஸ்டில் கொஞ்சம் மூச்சு விடும், ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடியோடு மறுபடி கொட்டும். ஜனவரி, பெப்ரவரிதான் வெளிச்சமான மாதங்கள். தக்காளி, பயற்றை எல்லாம் அப்போது பார்க்க வேண்டும். பாகலும் புடோலும் மழையிலும் காய்க்கும், ஆனால் பழ ஈ விடாது. பிஞ்சிலேயே கடதாசி சுற்றிக் கட்டுகிறோம். சலிப்பான வேலை. மகனிடம் கொடுத்துவிட்டேன்.

கோழிக்கு எதிரியும் ஈரம்தான். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகள் மூழ்கின. எங்கள் காணி மேட்டில் இருப்பதால் வெள்ளம் வரவில்லை, நிம்மதியாக இருந்தோம். ஆனால் கூட்டின் தெற்குப் பக்கம் சாரல் அடித்து, தரையில் பரப்பிய உமி நனைந்திருந்தது. இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. வெதுவெதுப்பான ஈர உமியில்தான் இரத்தக் கழிச்சலின் கிருமி பழுக்கும். அந்தக் கிழமை இரண்டு மாதக் குஞ்சுகள் 11 செத்தன. இப்போது கூரையை மூன்று அடி வெளியே நீட்டியிருக்கிறோம். காலையில் முதல் வேலையாக ஒரு பிடி உமியைக் கையில் அள்ளி அமுக்கிப் பார்ப்பேன். கட்டியாக நின்றால் ஈரம், அள்ளிக் கொட்டிவிட்டுப் புது உமி போட வேண்டும். கூட்டுக்குள் நுழைந்ததும் ஈர எருவின் நெடியில் கண் எரிந்தால் ஏற்கெனவே பிந்திவிட்டோம் என்று அர்த்தம்.

மார்ச், ஏப்ரல் வெக்கையில் வேறு கதை. வாயைத் திறந்து இளைக்கும் கோழியின் முட்டை ஓடு மெலிந்து போகும். மூச்சோடு கரியமிலவாயு அதிகம் வெளியேறினால் ஓடு கட்டத் தேவையான சத்து இரத்தத்தில் குறைந்துவிடும். சிப்பித் தூளை மட்டும் கூட்டிக் கொடுத்து அதைச் சரிக்கட்ட முடியாது. குளிர்ந்த தண்ணீரும் காற்றும் வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்கு முட்டை கேட்டு ஆட்கள் வரும் நேரத்தில்தான் தட்டில் பாதி கீறலாக இருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். இங்கே பகல் நீளம் வருடத்தில் ஒரு மணி நேரம்கூட மாறாது, அதனால் குளிர் நாடுகளைப்போல பகல் குறுகும் குளிர்காலத்தில் முட்டை நின்றுபோகாது. ஆனால் 12 மணி நேர வெளிச்சத்தில் கோழி முழு மனதோடு இடாது. விடியுமுன்னும் இருட்டிய பிறகும் பல்ப் போட்டு 15, 16 மணி நேரமாக்குவோம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. பல்ப் அணைந்தது, தீனும் தட்டுப்பாடு. கோழிகள் நேரமில்லாத நேரத்தில் இறகு உதிர்த்தன, எங்களுக்கு ஒரு மாதம் முட்டையே இல்லை. பெரிய பண்ணைகளே கோழிகளைக் குறைத்தன. அடுத்த வருடம் நாடு இந்தியாவிலிருந்து முட்டை இறக்கியது.

நீங்கள் தொடங்குவதென்றால் ஜூலை நடுவில் குஞ்சு எடுங்கள். மழை விடும் காலத்தில் குஞ்சுகள் தேறிவிடும். 20 கிழமை கணக்குப் பார்த்தால் டிசம்பர் தொடக்கம், நத்தார் கேக்குக்கு முட்டை தேடும் நேரம். இந்த மேயில் குஞ்சு வேண்டாம், கூரையை மட்டும் கட்டிவிட்டு மழையில் போய் நின்று சாரல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். எருவைக் கூட்டிலிருந்து அள்ளி நேரே செடிக்குப் போடாதீர்கள், சூட்டில் வேர் கருகும். இலை தழையோடு குவித்து இரண்டு மூன்று மாதம் மக்கவிட வேண்டும்.

மக்கிய எரு எங்களிடம் இப்போது நிறைய இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை களனிவெளி ரயிலில் கொஸ்கமவில் இறங்குங்கள், மகன் வந்து கூட்டிவருவான். வெறும் சாக்கு இரண்டு கொண்டு வாருங்கள்.